படித்துவிட்டுச் சேர்வதா, சேர்ந்தபின் படிப்பதா?

1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக அமர்த்தியது மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதனை. நூலகப் பயிற்சி எதுவும் அப்போது அவருக்கு இல்லை. வேலையில் சேர்ந்த பிறகுதான் லண்டனுக்குப் போய்ப் படித்தார். இன்று அவர் விண்ணப்பித்தால் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள். இந்தியாவில் பல்கலைக்கழக உதவி நூலகர் ஆவதற்கு நூலக அறிவியலில் 55 விழுக்காட்டுடன் முதுகலையும், பெரும்பாலோருக்கு நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். படித்து முடித்தவருக்கே வாசல் திறக்கும்.

ரங்கநாதன் நுழைந்த வழி இலங்கையில் இன்னும் அடைபடவில்லை. வேறொரு பாடத்தில் நல்ல வகுப்புச் சித்தியோடு பட்டம் பெற்றவரையும் அங்கே தகுதிகாண் உதவி நூலகராக எடுக்கிறார்கள். நூலகவியலில் பட்டமேற்படிப்பை முடித்த பின்பே பதவி உறுதியாகும். எனக்கு இந்த வழியே பிடித்திருக்கிறது. “மிஸ், யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரில நைத்திரேற்று எவ்வளவு எண்டு பாத்த ஆய்வு ஏதும் இருக்கோ?” என்று ஒரு மாணவி கேட்கும்போது, எதிரில் இருப்பவர் இரசாயனவியல் படித்தவரென்றால் பேச்சு அங்கிருந்தே தொடங்கிவிடும். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது, எந்த ஆய்விதழைப் புரட்டுவது என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த விஷயம்.

பதவிக்குள்ள மதிப்பிலும் இலங்கை தெளிவாக இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பதிவாளர், நிதியாளர் வரிசையில் நூலகரையும் வைத்திருக்கிறது. மூதவையிலும் அவருக்கு இடமுண்டு. இந்தியாவில் இது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். நூலகர் ஓய்வு பெற்றதும் ஏதோ ஒரு துறைப் பேராசிரியரிடம் ‘கூடுதல் பொறுப்பு’ ஒப்படைக்கப்படுவதும் வழக்கம். அவருக்கு வகுப்பும் ஆய்வு மாணவர்களும் இருக்கிறார்கள். பில்லில் கையெழுத்துப் போட நேரம் கிடைக்கும். மாலை ஷிப்டுக்கு ஆள் குறைந்தால் யாரை எங்கிருந்து மாற்றுவது என்று யோசிக்க நேரம் கிடைக்குமா? இருக்கிற ஆட்களும் பல இடங்களில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். வேலையைக் கற்றுக்கொண்ட நேரத்தில் போய்விடுகிறார்கள்.

கவுண்டருக்கு வந்தால் இலங்கையின் மேன்மையும் அங்கேயே நின்றுவிடுகிறது. உதவி நூலகர் கல்விசார் தரப்பு, புத்தகம் எடுத்துத் தருபவர் கல்விசாரா ஊழியர். ஒரே கூரையின் கீழ் இரண்டு சேவை, இரண்டு சங்கம். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீண்டது. கவுண்டரில் ஆளில்லாமல் நூலகம் நடத்துவது உதவி நூலகர்களால் ஆகிற காரியமில்லை.

அடுக்கில் எந்தப் புத்தகம் இடம் மாறிக் கிடக்கும் என்று கேட்டலாக்கைப் பார்க்காமலே சொல்கிறவர்கள் இரண்டு நாட்டிலும் கவுண்டரில்தான் இருக்கிறார்கள். இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவைத் தமிழிலேயே படிக்கலாம். இந்தியாவில் அஞ்சல் வழியில் நூலக அறிவியல் பட்டம் வாங்கலாம். ஆனாலும் உதவி நூலகர் பதவிக்கு அவர்கள் வெளியாள் போலத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நேர்முகத் தேர்வில் அவர்களுடைய கவுண்டர் அனுபவத்துக்கென்று கணிசமான மதிப்பெண் ஒதுக்க இரு நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழுக்களும் முன்வர வேண்டும்.