நாற்பது வளைவு, இரண்டு நாட்டு வரி

ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கோடிகளில் விலை போகும் லம்போர்கினியை அங்கே ஓட்டிப் போகிறவருக்கு அதன் வேகத்தால் பெரிய பயனில்லை. கியரைக் கூட்டுவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். எதிரே அரசு பஸ் இறங்கினால் ஓரம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். தார் முடிகிற இடத்துப் பள்ளம் தாழ்ந்த முன்பம்பரைப் பதம் பார்த்துவிடும். ஒன்பதாவது வளைவில் வரையாட்டைப் பார்க்க வண்டியை நிறுத்தினால், கூட்டம் ஆட்டை விட்டுவிட்டுக் காரைச் சுற்றிக்கொள்ளும்.

இந்தப் பாதைக்குத் தோதான கார் ஒன்று கோயமுத்தூர்க்காரர்களின் கைவண்ணத்திலேயே வந்தது. அங்குள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபரில் இறக்கிய டியாகோ ஜேடிபி. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 114 பி.எஸ். திறன், ஷோரூம் விலை 6.39 லட்சம் ரூபாய். சஸ்பென்ஷனைக் கொஞ்சம் தாழ்த்தியும் தரைக்கும் வண்டிக்கும் 166 மி.மீ. இடைவெளி இருந்தது. 2020இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கதவும் கண்ணாடியும் சாதாரண டியாகோவினுடையதே என்பதால் கவலையில்லை. காற்றுத் துளை வைத்த அந்த பானெட் நசுங்கினால்தான் தேடி அலைய வேண்டும்.

அந்த 1.2 லிட்டர் தற்செயலாக வந்த அளவல்ல. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் இந்தியாவில் அது சிறிய கார், வரி குறைவு.

இலங்கையில் கோடு வேறிடத்தில் விழுகிறது. அங்கே சிசிக்குச் சிசி கலால் வரி ஏறும். அதனால்தான் பிரிட்டனிலிருந்து 1.0 லிட்டர் டர்போ ஹோண்டா சிவிக் இறக்குமதியாகிக் கொழும்புத் தெருக்களில் நிறைந்தது. இந்தியர் கண்ணில் படாத சிவிக் அது. ஜப்பானில் ஓடிய ரீகண்டிஷன் வண்டியும் அங்கே சாதாரணம். இந்தியாவிலோ பழைய காரை இறக்க விதிகளும் வரியும் சேர்ந்து வழியை அடைத்துவிட்டன. புதிய சொகுசுக் காருக்கும் சுங்கமே சுமார் 110 விழுக்காடு, ஜி.எஸ்.டி.யும், 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாடு வாங்கும் 20 விழுக்காடு ஆயுள் வரியும் தனி.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓட்டிய காரை வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்கள் உண்டு. கோவையில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் முதல் நாளே பணம் கரைவதற்குத் தயாராக இருக்க வேண்டும். கொழும்புக்காரருக்கு அதே கார் சேமிப்பாகவும் ஆனது. இந்த ஒரு விஷயத்தில் கொழும்புக்காரர் மேல் பொறாமைப்படலாம். அந்த விலை ஏற்றத்துக்குப் பின்னால் இருந்த டாலர் பஞ்சத்தை நினைத்தால் பொறாமை அடங்கிவிடும்.

வேகத்துக்கு இடம் தருவதிலும் இரு மலைநாடுகளும் ஒன்றல்ல. தேயிலைக் காடு சூழ்ந்த நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது; சித்திரைப் புத்தாண்டு சீசன் என்றால் ஊரே வேடிக்கை பார்க்கத் திரளும். வால்பாறைப் பாதை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடே போகிறது, அங்கே பந்தயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிங்கவால் குரங்கு எந்த வளைவில் குறுக்கே வரும் என்று யார் கண்டது? ஜேடிபியோ லம்போர்கினியோ, அழுத்தி மிதிக்க ஆசைப்படுகிறவர் மலையிறங்கி, கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குத்தான் போயாக வேண்டும்.