கண்டென்சரில் வடியும் மாம்பழ மணம்

பழச்சாற்றைச் செறிவாக்கும் இயந்திரங்களுக்கு 'குறைந்த வெப்பம், முழுச் சுவை' என்று விளம்பரம் செய்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இயந்திரத்துக்குள் உண்டாக்கும் வெற்றிடத்தின் பெருமையை மறுக்கவில்லை. அழுத்தம் 0.2 பாருக்கு இறங்கினால் தண்ணீர் 60 டிகிரியிலேயே கொதிக்கும். ஒரு கலனில் எழும் ஆவியைக் கொண்டே அடுத்த கலனைச் சூடாக்கலாம். 1840களில் சர்க்கரைப் பாகுக்காக நார்பெர்ட் ரில்யூ கண்ட அந்த வழி இன்றும் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. பால் கெட்டியாக்க இவ்வளவு போதும்.

பழத்துக்குப் போதாது. வெப்பம் கெடுப்பது ஒன்று, கொதிப்பு கொண்டுபோவது வேறொன்று. மணம் தரும் எஸ்டர்கள் தண்ணீரை முந்திக்கொண்டு ஆவியாகிவிடும். சாறு கெட்டிப்படத் தொடங்கும்போதே, முதல் கலனிலேயே, அவற்றில் பெரும்பகுதி போய்விடுகிறது. வெப்பநிலையைக் குறைத்ததால் அது நிற்பதில்லை.

'சில நொடிகள்தான் சூடு' என்ற வாதமும் மாங்கூழிடம் செல்லாது. ஆரஞ்சுச் சாறுபோல அது குழாய்ச் சுவரில் மெல்லிய படலமாக வழியாது. கெட்டிக் கூழைப் பெரும்பாலும் பம்பு வைத்துச் சுற்றிச் சுற்றி அனுப்புகிறார்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கூழ் ஆலையில், ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரிலிருந்து வடிந்த நீரை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தேன். பழுத்த மாம்பழத்தைக் காம்போடு கிள்ளும்போது வரும் வாசம். அந்த நீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரம்மில் நிரப்பியதை நாக்கில் வைத்தால் இனிப்பு இருந்தது, புளிப்பு இருந்தது, நிறமும் இருந்தது. பெங்களூரா மாம்பழத்தைத்தான் காணோம்.

இது தெரியாத ரகசியமல்ல. புளோரிடாவில் ஆரஞ்சுச் சாற்றை வேண்டியதைவிடக் கெட்டியாக்கி, இழந்த சுவைக்காகப் புதுச் சாற்றைக் கலக்கும் முறைக்கு 1948இலேயே காப்புரிமை பெற்றார்கள். பிறகு ஆவியிலிருந்தே மணத்தைப் பிடித்துச் சாற்றில் திரும்பச் சேர்க்கவும் கற்றார்கள். இயந்திரம் மணத்தைத் தின்கிறது என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்த வைத்தியமெல்லாம். ஒப்புக்கொள்ளாமல் 'முழுச் சுவை' என்று அச்சடிப்பது வாங்குபவரை ஏய்ப்பது. மணம் மீட்கும் கருவி விலை அதிகம் என்பார்கள். அப்படியானால் அதை விளம்பரத்திலேயே சொல்லட்டும்.

அன்று டிரம்மை மூடுமுன் சர்க்கரைச் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்தார்கள். 28 பிரிக்ஸ் காட்டியது. சீட்டில் பிரிக்ஸ், அமிலம், நிறம் மூன்றையும் குறித்துக்கொண்டார்கள். மணத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.