அப்பாவின் கோர்வை

காஞ்சிபுரம் பட்டைக் கையில் எடுத்ததும் எல்லோரும் சரிகையைத்தான் பார்ப்பார்கள். தறி வீட்டில் பிறந்த எனக்குக் கண் போவது உடலும் கரையும் சேரும் இடத்துக்கு. அதுதான் கோர்வை. உடலுக்கு ஊடை இழை ஓட்டும் நாடா ஒன்று, இரு கரைக்கும் தனித்தனி நாடா; ஒவ்வொரு ஊடையிலும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று மாட்டிக்கொள்ள வேண்டும். தனி ஆளால் ஆகாத வேலை. அப்பா நெய்ய, ஒரு பக்கக் கரைக்கு அம்மா நாடா போடுவார்; பிறகு நான். என் கை தப்பினால் திட்ட மாட்டார். இழையைப் பிரித்துவிட்டு, "ம், திரும்பப் போடு" என்பார், அவ்வளவுதான்.

அவர் முகம் இறுகுவது பேட்னி போடும்போது. முந்தானைக்கு நிறம் மாற வேண்டுமே! பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்ப்பார். ஆயிரக்கணக்கான இழைகள். அன்றைக்கு வீட்டில் யாரும் அவரைக் கூப்பிட மாட்டோம். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி நெசவு நின்றால் கடன்தான். ஆனாலும் எங்கள் பள்ளிக் கட்டணம் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

கண் மங்கிய பிறகு ராட்டைக்கு மாறினார். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு நாடாவுக்கான தார் சுற்றுவார். அந்தக் கிறீச்சொலியில் அவள் தூங்கிவிடுவாள். தாலாட்டு என்று அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு வந்தது. ஆனாலும் துணை ஆளின் கூலி கட்டுப்படியாகாமல் கோர்வையை விட்டவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கடைக்காரர் கோர்வை என்று சொல்லி விலை கேட்டால் மட்டும், உடலும் கரையும் சேரும் இடத்தைச் சேலையின் பின்பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள்.