சட்டைப் பைக் கேமராவின் ஏழு தலைமுறை: புதியதற்கு மாறும் முன்

சோனி ஆர்எக்ஸ்100 கேமரா 2012இல் வந்தது. எடை 240 கிராம். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். உள்ளே 13.2க்கு 8.8 மில்லிமீட்டர் சென்சார். இதை 'ஒரு இஞ்ச் சென்சார்' என்று சொல்லி விற்கிறார்கள். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு இஞ்ச் வராது. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் அளவிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. இருந்தாலும், அந்தக் காலத்துச் சாதாரண பாக்கெட் கேமராவின் சென்சாரைவிட இதன் பரப்பு நான்கு மடங்கு. 2019இல் வரிசை மார்க் 7 வரை வளர்ந்துவிட்டது. ஏழிலும் ஏறக்குறைய 20 மெகாபிக்சல்தான். 12க்கு 18 இஞ்ச் பிரிண்ட் போட முதல் மாடலே போதும் என்பதால், பழசை விட்டுப் புதுசுக்குப் போகலாமா என்று யோசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸை.

ஏழு கேமராக்களுக்கும் சேர்த்து மூன்றே லென்ஸ்கள். முதல் இரண்டு மாடல்களில் 28–100 மி.மீ., எஃப்/1.8–4.9. ஜூம் செய்யாதபோது மட்டும்தான் அந்த 1.8; ஜூமை இழுக்க இழுக்க வெளிச்சம் வரும் வழி சுருங்கிக்கொண்டே போகும். மார்க் 3 முதல் 5 வரை 24–70 மி.மீ., எஃப்/1.8–2.8. மார்க் 6, 7 இரண்டிலும் 24–200 மி.மீ., எஃப்/2.8–4.5.

இந்த எண்கள் படத்தில் எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு குத்துவிளக்கு போதும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை முழு ஜூமில் எடுக்க வேண்டும். முதல் மாடல் ஐஎஸ்ஓ 3200 கேட்கும் இடத்தில், அதே ஷட்டர் வேகத்துக்கு மார்க் 3க்குச் சுமார் 1000 போதும். இரண்டு படங்களையும் கணினியில் முழு அளவில் திறந்து, வெளிச்சம் படாத கன்னத்தையும் காதோர முடியையும் பார்க்கலாம். முதல் மாடலின் படத்தில் கன்னம் முழுக்கப் பொடிப்பொடியாக வண்ணப் புள்ளிகள்; முடி மெழுகு பூசியதுபோல் ஒட்டிக் கிடக்கும். மற்றதில் முடி இழை இழையாகப் பிரியும். மார்க் 3இன் ஜூம் 70உடன் நின்றுவிடுகிறதே என்றால், படத்தை வெட்டி 100க்குக் கொண்டுவரலாம். மெகாபிக்சல் பாதியாகும், 8க்கு 12 இஞ்ச் பிரிண்டுக்கு அந்தப் பாதி தாராளம்.

மார்க் 5இலிருந்து மார்க் 6க்குப் போவதை ஒரு படி ஏறுவதாக நினைப்பவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். 24 மி.மீ.யில் புதிய லென்ஸுக்குள் வரும் வெளிச்சம், பழையதில் வந்ததில் பாதிகூட இல்லை. மார்க் 3இலிருந்து 5 வரை உள்ளேயே இருந்த, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரும் போய்விட்டது. உச்சி வெயிலில் அருவியைப் பட்டுத்துணிபோல் வழியவிட்டு எடுப்பவருக்கு அது கைவிரல் போனமாதிரி. கிடைத்தது 200 மி.மீ.: கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே மேடையில் ஆடுபவரின் முகபாவத்தைப் பிடிக்கலாம். பெயர் ஒன்றானாலும் இது வேறு கேமரா.

சென்சாரில் நடந்த மாற்றம் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. மார்க் 2இல் இருட்டுப் படங்கள் கொஞ்சம் தெளிந்தன. மார்க் 4இல் சென்சாரோடு நினைவகச் சிப்பையும் அடுக்காகச் சேர்த்தார்கள். படத்தை வரிசை வரிசையாகப் படிக்கும் வேகம் கூடியது. ஓடும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து முந்தைய மாடல்களில் வீடியோ எடுத்தால் மின்கம்பங்கள் சாய்ந்து ஓடும். மார்க் 4இல் அவை பெருமளவு நிமிர்ந்துவிட்டன. மார்க் 5 ஃபோகஸை வேகமாகப் பிடிக்கும், நொடிக்கு 24 படம் எடுக்கும். மார்க் 7இல் மைக் செருகும் துளை வந்தது. ஓடும் பொருளை விடாமல் பின்தொடரும் ஃபோகஸும் தேறியது. அசையாத பொருளை நல்ல வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, இது மார்க் 3, இது மார்க் 7 என்று படத்தைப் பார்த்தே சொல்வது பழகிய கண்ணுக்கும் கடினம்.

கையில் பிடித்தும் பார்க்க வேண்டும். மார்க் 3இல் பக்கவாட்டு விசையைத் தள்ளினால் வ்யூஃபைண்டர் மேலே துள்ளி எழும். பிறகு அதன் கண்ணாடியை நகத்தால் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதற்குள் காட்சி போய்விடும். மார்க் 6இல் அது தானாகவே வெளியே வரும். வழுவழுப்பான உடம்பு மட்டும் ஏழிலும் மாறவில்லை. ரப்பர் பிடி வாங்கி ஒட்டிக்கொள்வது நல்லது.

கடைக்குப் போவதற்கு முன், சொந்தப் படங்களில் ஒரு ஐந்நூறைத் திறந்து அவற்றின் விவரக் குறிப்பைப் பார்க்கலாம். பெரும்பாலானவை ஜூம் செய்யாமல் எடுத்தவை என்றால் 200 மி.மீ.க்குக் கொடுக்கும் காசு வீண். ஓடும் குழந்தையை விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் சுவரில் ஃபோகஸ் விழுந்த படங்கள் நிறைய இருந்தால் மார்க் 5 அல்லது 7. முதல் மாடல் வைத்திருந்து, வீட்டுக்குள்ளும் அந்தி நேரத்திலும் மனிதர்களை எடுப்பவருக்குப் பழைய மார்க் 3 ஒன்றே போதும். மார்க் 5 வைத்திருந்து வீடியோ எடுக்காதவர், 200 மி.மீ.யும் வேண்டாதவர் என்றால் மாற வேண்டியதில்லை. எதற்கு மாறினாலும் பழைய பேட்டரியைத் தூக்கிப்போட வேண்டாம். ஏழுக்கும் அதே என்பி-பிஎக்ஸ்1தான்.