பின்னணியில் காணாமல் போன போன் நம்பர்

முடிச்சூர் பக்கம் இருக்கும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் இணையப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் குறை சொல்லணும். நடத்துறவங்க எல்லாரும் தெரிஞ்சவங்க, அதனால் பெயர் வேண்டாம்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இங்கே யாரும் மறக்கல. மழைக்காலம் வந்தால் படகு, ஆம்புலன்ஸ், மின்வாரிய எண்களை முகப்பில் போடுவது சங்கத்தின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனா இந்த முறை எண்களை ஒரு ஏரிப் படத்தின் மேலேயே எழுதி, அந்தப் படத்தை பேக்கிரவுண்டாக வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் அழகாக இருந்தது. என் போனில் ஏரி மட்டும்தான் தெரிந்தது.

ஏன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். படம் 1600க்கு 600 பிக்சல். போனில் அது உட்கார வேண்டிய பெட்டி 360க்கு 400. பேக்கிரவுண்ட்-சைஸ் 'கவர்' என்றால், பெட்டியில் இடைவெளி விழாதபடி படம் அளவு மாறும். உயரம் 400 ஆகும்போது அகலம் 1067 ஆகிறது. அதில் தெரிவது 360 மட்டுமே. மீதி 707 பிக்சல் எந்தப் பக்கம் வெட்டுப்படும் என்பதை பேக்கிரவுண்ட்-பொசிஷன் முடிவு செய்யும். 50% என்றால் படத்தின் நடுப்புள்ளி பெட்டியின் நடுப்புள்ளியோடு பொருந்தும். அதனால் இரண்டு பக்கமும் சரிபாதி போகும். எண்கள் இருந்தது இடது ஓரத்தில். போச்சு.

சொன்னதும் 0% ஆக்கினார்கள். இப்போ இடது ஓரம் ஒட்டி நின்றது, எண்களும் வந்தன. ஆனால் எந்தத் தெருவுக்கு யாரைக் கூப்பிடணும் என்று வலதுபக்கம் எழுதியிருந்தது போய்விட்டது. 'கவர்' எடுத்துவிட்டு 'கன்டெய்ன்' போட்டால் முழுப் படமும் தெரியும், ஆனா 135 பிக்சல் உயரத்தில். கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது.

ஆக, தப்பு பொசிஷனில் இல்லை. எண்களை பேக்கிரவுண்டில் வைத்ததில்தான் இருக்கு. பேக்கிரவுண்ட் அலங்காரத்துக்கானது. திரைவாசிப்பான் அதைப் படிக்காது, பார்வையற்றவருக்கு அங்கே எதுவும் இல்லை. தொட்டு போன் பண்ண முடியாது, காப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பவும் முடியாது. வாட்ச்மேன் அறையில் ஒட்ட ஒருவர் பிரிண்ட் எடுத்தார். பிரவுசர்கள் பொதுவாக, நாமே கேட்டால் ஒழிய, பேக்கிரவுண்டை அச்சடிக்காது. வெறும் தாள் வந்தது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழில் ஆளுக்கொரு குறியீடு. பார்ப்பவரிடம் அதே எழுத்துரு இல்லையென்றால் எல்லாம் குப்பையாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் தாம், தாப் என்று தரப்படுத்த வேண்டி வந்ததே அதனால்தான். எழுத்தைப் படமாக்கிப் போடுவது அன்றைக்குப் பாதுகாப்பான வழி. இன்றைக்கு சாதாரண போனிலும் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறது. காரணம் போயிடுச்சு, பழக்கம் போகல.

ஏரிப் படம் இருக்கட்டும், நடுவிலேயே இருக்கட்டும். எண்களை மட்டும் அதன் மேல் எழுத்தாக, தொட்டால் அழைப்பு போகிற மாதிரி போட்டால் போதும். அரை மணி நேர வேலை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி முடிச்சுட்டா நல்லது.