மாறாத சட்டம் யாருக்கு வசதி?

கொழும்பிலிருந்து சரக்கு விஷயமாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்துபோகிறவர்கள் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். தங்கள் நாட்டில் தொழிற்சட்டம் ஒரு கொப்பிக்குள் அடங்கிவிடுமாம். இங்கேயோ சட்டம் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லவே தனியாக ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டுமாம். வடசென்னைக் கல்மண்டபத்தில் ஐஸ் பேக்டரியோ குடோனோ லேத் பட்டறையோ நடத்துகிற யாரும் இதை உடனே மறுக்கமாட்டார்கள். கணக்குக்கு ஓர் ஆடிட்டர் இருக்க, பி.எப்., ஈ.எஸ்.ஐ.க்கென்று தனியாக ஒரு கன்சல்டன்ட்டுக்கு மாதாமாதம் படியளக்கிறவர்கள்தானே அவர்கள். ஆனால் அடிக்கடி மாறுகிற சட்டம் கோணல், அசையாமல் நிற்கிற சட்டம் நேர்த்தி என்று அந்தப் பேச்சு மறைவாகச் சொல்கிறதே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எது மாறுகிறது, மாறாமல் இருந்தால் யார் மடியிலிருந்து பணம் போகிறது என்று பார்த்தால் கணக்கு வேறு விதமாக வருகிறது.

குறைந்தபட்சக் கூலியையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் அடிப்படைக் கூலியை அரசு நிர்ணயிக்கிறது. அதன்மேல் சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் அகவிலைப்படி ஏறுகிறது. கடை வைத்திருப்பவர் ஏப்ரல் மாதச் சம்பளப் பட்டியலைத் திருத்தித்தான் ஆக வேண்டும். தவறினால் பிறகு அரியரோடு அழ வேண்டும். தொல்லைதான். இலங்கையில் 2016-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டம் தேசியக் குறைந்தபட்சச் சம்பளத்தை மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தது. அந்த எண் 2021-இல் 12,500 ஆகி, 2024-இல்தான் 17,500 ஆனது. இடையில் 2022 வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 70 சதவீதம் ஏறி நின்றது. அரிசியும் மண்ணெண்ணெயும் ஏறின, சட்டத்தில் இருந்த எண் ஏறவில்லை. முதலாளிக்கு அந்த எட்டு ஆண்டில் படிக்கப் புதிதாக அதிகம் ஒன்றுமில்லை என்பது உண்மைதான். 2005-இலும் 2016-இலும் வரவு செலவுத் திட்ட நிவாரணப்படி கொடுப்பதற்குக்கூடத் தனித்தனியே சட்டம் போட வேண்டியிருந்த அமைப்பு அது. தானாக ஏறும் ஏணி அதில் இல்லை. 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000 என்று இப்போது வேகம் பிடித்திருப்பது நல்லதே. அங்கே தொழில்வாரியாகச் சம்பளச் சபைகள் 1941-இலேயே வந்துவிட்டன, நம் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல்தான் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கமும் உறைந்த எண்கள் இல்லாமல் இல்லை. 2014 செப்டம்பரில் வைத்த 15,000 ரூபாய் பி.எப். உச்சவரம்பு பத்து ஆண்டு தாண்டியும் நகரவில்லை. இதை விட்டுவிட்டு எழுதினால் கொழும்புக்காரர் சிரிப்பார், அந்தச் சிரிப்பில் நியாயமும் இருக்கும். ஏனென்றால் அங்கே ‘ஊழியர் சேமலாப நிதி’ என்கிறார்களே, கேட்கவே நிறைவான பெயர், அதற்கு உச்சவரம்பே கிடையாது. 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். 1980-இன் ஊழியர் நம்பிக்கை நிதியச் சட்டப்படி முதலாளி இன்னொரு 3. முதல் ஆளை வேலைக்கு வைத்த அன்றே கடமை தொடங்கிவிடுகிறது. நம்மிடம் பி.எப்.புக்கு 20 தலை, ஈ.எஸ்.ஐ.க்கு 10 தலை வேண்டும். 20 என்று எழுதிவைத்ததால் மஸ்டர் ரோலில் 19 பேரோடு நின்றுபோகிற பட்டறைகள் வடசென்னையில் எத்தனை என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை. ஆனால் தலைக்கணக்கு வித்தை நமக்கு மட்டும் உரியதா? இலங்கையில் பணிக்கொடைச் சட்டமும் ஆட்குறைப்புக்கு அனுமதி கேட்கும் சட்டமும் 15 பேர் இருந்தால்தான் பேசத் தொடங்குகின்றன. இங்கே பணிக்கொடை 10 பேரிலேயே தொடங்குகிறது. சேமலாப நிதி மொத்தமாகக் கைக்கு வந்து மொத்தமாகவே செலவாகிவிடும். நம் பி.எப்.பில் முதலாளி பங்கிலிருந்து ஊதியத்தின் 8.33 சதவீதம் 1995 முதல் ஓய்வூதியத்துக்குப் போகிறது. ஈ.எஸ்.ஐ.யில் நோயில் படுத்தவருக்கு ஆண்டில் 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் வருகிறது. அங்கே அரசு மருத்துவமனை எல்லாருக்கும் இலவசம் என்பார்கள். இருக்கட்டும், இங்கேயும் அப்படித்தான். படுத்த நாளுக்கு யார் கூலி தருவது என்பதுதான் கேள்வி.

மாற்றத்தின் சுமை எங்கே அழுத்துகிறது என்பது மாதத்தின் 15-ஆம் தேதியில் தெரியும். பி.எப்., ஈ.எஸ்.ஐ. இரண்டுக்கும் அதுவே கடைசி நாள். 2021 செப்டம்பர் முதல் ஆதாரோடு இணையாத யு.ஏ.என். என்ற பி.எப். எண்ணுக்குப் பணமே கட்ட முடியாது என்று ஆனபோது கன்சல்டன்ட்டுகள் தலையில் கைவைத்தது சட்டத்தைப் பார்த்து அல்ல, இன்ஷியலைப் பார்த்து. பள்ளிச் சான்றிதழில் ‘மு. செல்வம்’, ஆதாரில் ‘செல்வம் முனுசாமி’, வங்கிப் புத்தகத்தில் ‘செல்வம் எம்’ என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். தகப்பன் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கி முன்னால் வைக்கும் தமிழர் வழக்கம் டில்லியில் மென்பொருள் எழுதியவர்களுக்குத் தெரியாது. அதைச் சரிசெய்யக் கூட்டு விண்ணப்பம், அதற்கு முதலாளி கையெழுத்து, பிறகு ராயப்பேட்டை பி.எப். அலுவலகம். கான்ட்ராக்டர் கொண்டுவந்த லோடுமேன்களுக்கும் பணம் கட்டியாக வேண்டும். அவர் கட்டாவிட்டால் பிரின்சிபல் எம்ப்ளாயர் தலையில் விடியும். இலங்கையில் கெடு அடுத்த மாதத்தின் கடைசி நாள்வரை. தாமதித்தால் மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும் என்கிறது சட்டம். அந்தக் கடைசி நாள் கொழும்பு அலுவலகங்களில் எப்படிப் போகும் என்பதை அங்கிருப்பவர்கள் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

இத்தனை மாற்றம் சிறு முதலாளியை ஏய்க்கத்தான் கற்றுக்கொடுக்கும், நிலையான சட்டம் இருந்தால் அவரும் ஒழுங்காகக் கட்டுவார் என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம், எல்லாருக்கும் பொதுவாகத் தரும் அலவன்ஸ்களும் பி.எப். கணக்கில் சேரும் என்று தீர்ப்புச் சொன்னது. அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி மற்றதையெல்லாம் அலவன்ஸ் என்று பிரித்து எழுதிய பட்டியல்கள் ஆட்டம் கண்டன. 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2019-இலும் 2020-இலும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இதோ வருகிறது என்று ஐந்து ஆண்டு பூச்சாண்டி காட்டிவிட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். விலக்கப்பட்ட அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியமாகவே கொள்ளப்படும் என்கிறது புதிய விதி. அலைக்கழிப்பு இல்லையென்று யார் சொன்னது? ஆனால் மாற்றம் போன திசையைக் கவனியுங்கள்: பிரித்து எழுதி மிச்சம் பிடித்தவருக்குத்தான் சிக்கல். முதலிலிருந்தே அடிப்படைச் சம்பளத்தை ஒழுங்காக எழுதியவருக்குத் திருத்த அதிகம் எதுவுமில்லை. குறிப்பிட்ட காலத்துக்கென்று எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்பதும் இந்தத் தொகுப்பில் வந்ததுதான். எதிர்த் திசையில் போனதும் உண்டு. ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி தேவைப்படும் எல்லையை 100 தொழிலாளரிலிருந்து 300-க்கு உயர்த்தியது தொழிலாளர் பக்கம் நின்று செய்ததல்ல. 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றமே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. எழுந்த எதிர்ப்பில் மே 1 அன்று முதலமைச்சரே திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்தே நாளில் பிறந்து இறந்த மசோதாவையும் கன்சல்டன்ட் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருந்தது!

ஆளை நீக்குவதில் இலங்கைச் சட்டம் நம்மைவிட இறுக்கம். 1971-இன் 45-ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை அனுப்ப வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். 180 நாள் வேலை செய்திருந்தாலே இந்தக் காப்பு. நம்மிடம் 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொன்னது. அந்த 480-ஐ மனப்பாடமாகத் தெரிந்துவைத்து அதற்கு முன்னால் பிரேக் விட்ட முதலாளிகளும் உண்டு. அந்த வகையில் இலங்கையின் ஏடு கனம் கூடியது. ஆனால் அந்தக் கனம் ஒரே அலுவலகத்தின் மேசையில் இருக்கிறது. வடசென்னையில் அது தெருவில் இருக்கிறது. 1918-இல் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர் கட்டிய சென்னைத் தொழிலாளர் சங்கம் தொட்டு, திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளின் கேட் மீட்டிங்குகள் வரை சட்டத்தைப் பேச்சுவார்த்தையால் நிரப்பும் பழக்கம் இங்கே ஊறியிருக்கிறது. இவ்வளவு காலமும் தொழிலாளர் அலுவலர் முன் கையெழுத்தான, தொழிற்தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவு ஒப்பந்தம் என்றால் படிக்காத பிட்டருக்கும் தெரியும். கொழும்பிலும் தொழிலாளர் தலைவர் குணசிங்க 1922-இலேயே சங்கம் கட்டினார். மலையகத்தில் 1931-இல் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய நடேசய்யர் நம் தஞ்சாவூர்க்காரர் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. அந்த மலையக மக்களுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்பது 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது. ஏறிய கையோடு தோட்டக் கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டே விலகின. முதலாளி சௌகரியமாகப் பின்தொடரக்கூடிய சட்டம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது அங்கே போய்ப் பார்த்தால் விளங்கும்.

ஒன்றில் மட்டும் இலங்கைக்கு முன்னால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அங்கே நாடாளுமன்றச் சட்டம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வெளியாகிறது. அலுவலகக் கடிதங்கள் தமிழில் வருகின்றனவா என்று கேட்டால் அங்குள்ள தமிழர் வேறு கதை சொல்வார்கள் என்றாலும், சட்டத்தின் வாசகம் தமிழில் இருக்கிறது. நம் மாநில அரசாணை தமிழில் வரும். ஆலைச் சுவரில் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் அறிவிப்பு மாட்டச் சட்டமே சொல்கிறது. ஆனால் பி.எப். சுற்றறிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. கன்சல்டன்ட் அதைப் படித்துத் தமிழில் சொல்லும்போது பாதி அவருடைய கருத்தாகிவிடுகிறது. நான்கு தொகுப்புகளையும் அவற்றின் விதிகளையும் அதிகாரபூர்வத் தமிழில் அச்சிட்டு, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துத் தொழிலாளர் துறையே பட்டறை பட்டறையாக அனுப்பி வைத்தால், கல்மண்டபத்து முதலாளி கன்சல்டன்ட்டுக்கு அளக்கும் படியில் பாதியாவது மிச்சமாகும்.