நானோ ஒளியியல்: கருவிகள் வந்துவிட்டன, ஆய்வுச் சமூகம் வந்ததா?

ஒளியை எவ்வளவு சிறிய இடத்தில் குவிக்க முடியும்? இயற்பியலைப் பட்டப் படிப்பில் பயிலும் மாணவர்கள் இதற்கு விடை அறிவார்கள். சாதாரண நுண்ணோக்கியால் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியை விடச் சிறிய விவரங்களைப் பிரித்துக் காண இயலாது என்று 1873-இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே நிறுவினார். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். எண்ணெயில் அமிழ்த்திப் பயன்படுத்தும் மிகச் சிறந்த லென்சைக் கொண்டு நோக்கினாலும், 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகள் ஒன்றாகவே தோன்றும்.

இந்த எல்லைக்குக் கீழேயும் ஒளியை ஆளலாம் என்று காட்டிய துறையே நானோ ஒளியியல். பொன், வெள்ளி போன்ற உலோகங்களின் மேற்பரப்பில் எலெக்ட்ரான்களோடு ஒளியைப் பிணைத்து ஓடச் செய்வதும், அலைநீளத்தை ஒத்த இடைவெளியில் துளைகளை வரிசையாக அமைத்து ஒளிக்கு அணையிடுவதும், தலைமயிரை விட மெல்லிய படலத்தைக் கொண்டு லென்சின் வேலையைச் செய்வதும் இத்துறையின் சாதனைகள்.

இத்துறையில் இளம் விஞ்ஞானிகளைக் கொண்ட ஓர் ஆய்வுச் சமூகத்தை உருவாக்க நம் நாடு கடந்த கால் நூற்றாண்டாக முயன்று வருகிறது. அம்முயற்சி எவ்வளவு தூரம் பயனளித்தது, எங்கே குறைபட்டது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

ஓர் இளைஞரின் கட்டுரை

1956-ஆம் ஆண்டு. பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். பஞ்சரத்தினம் என்னும் 22 வயது இளைஞர் படிகங்களின் ஊடே செல்லும் தளவிளைவு ஒளியை ஆராய்ந்து கொண்டிருந்தார். அவர் சர் சி. வி. இராமனின் மருமகன் முறை உறவினர். ஒளியின் தளவிளைவு நிலையைப் படிப்படியாக மாற்றி, முடிவில் தொடங்கிய நிலைக்கே கொண்டு வந்து சேர்த்தாலும், அதன் கட்டம் மட்டும் மாறியிருக்கும் என்று அவர் கண்டார். தேர் வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்துவிட்டால், அது சுற்றி வந்ததற்கு வடம் பிடித்தவர்களே சாட்சி. ஒளியோ, தான் சுற்றி வந்ததற்கான சாட்சியைத் தன் கட்டத்திலேயே சுமந்து வருகிறது. சுற்றிய பாதை எவ்வளவு பரப்பை உள்ளடக்கியது என்பதைப் பொறுத்து அக்கட்ட மாற்றத்தின் அளவு அமைகிறது.

இக்கட்டுரை இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை இதழில் வெளிவந்தது. இராமன் 1934-இல் நிறுவிய கழகம் அது. ஆக, பஞ்சரத்தினத்திற்கு ஆய்வுக்கூடம் இருந்தது, வழிகாட்டி இருந்தார், இதழும் இருந்தது. ஆயினும் அக்கண்டுபிடிப்பின் ஆழத்தை உணர்ந்து அதை மேலே எடுத்துச் சென்றவர் எவருமிலர். 1969-இல், தமது 35-ஆம் வயதில், அவர் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டில் காலமானார்.

1984-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பெர்ரி, குவாண்டம் இயக்கவியலில் இதே வகையான கட்டத்தைப் பொதுமைப்படுத்தி வெளியிட்டார். 1986-இல் எஸ். இராமசேஷன், ஆர். நித்தியானந்தா ஆகிய இருவரும் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் பஞ்சரத்தினத்தின் பழைய கட்டுரையைச் சுட்டிக் காட்டினர். மறு ஆண்டே பெர்ரி அதைத் தனிக் கட்டுரையில் எடுத்தாண்டு, பஞ்சரத்தினத்திற்கு உரிய பெருமையை அளித்தார். இடையில் முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதை வெறும் வரலாறு என்று ஒதுக்கிவிட முடியாது. 2002-இல் இஸ்ரேல் நாட்டின் டெக்னியான் நிறுவனத்தினர் இக்கட்டத்தைக் கொண்டே ஒளியை வளைக்கும் மிக நுண்ணிய கீற்றணிகளை அமைத்தனர். 2016-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபெதரிக்கோ கப்பாசோ குழுவினர், 600 நானோமீட்டர் உயரமுள்ள டைட்டேனியம் டை ஆக்சைடு துடுப்புகளை ஒரு கண்ணாடித் தகட்டில் நட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கூர்மையாகக் குவிக்கும் தட்டை லென்சைச் செய்து காட்டினர். ஒவ்வொரு துடுப்பும் எவ்வளவு கோணம் திருப்பி வைக்கப்பட்டுள்ளதோ, அதைப் போல் இரு மடங்கு கட்ட மாற்றத்தை வட்டத் தளவிளைவு ஒளி அடைகிறது. பெங்களூரில் பிறந்த கருத்து, பிறர் கையில் பொருளாயிற்று!

மூன்று அளவுகோல்கள்

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? அறிவாளிகள் சிலர் ஒரு நாட்டில் இருப்பதனாலேயே அங்கே ஆய்வுச் சமூகம் உண்டாகிவிடாது. ஒருவர் கண்டதை மற்றொருவர் படிக்க வேண்டும், ஐயப்பட வேண்டும், செய்து பார்க்க வேண்டும், அதன்மேல் கட்ட வேண்டும். எனவே மூன்று கேள்விகளை அளவுகோலாகக் கொள்ளலாம். இளம் விஞ்ஞானிக்குக் கருவி கிடைக்கிறதா? அவர் செய்ததைச் சோதித்துப் பார்க்க ஆள் உண்டா? அவர் துறையில் நிலைத்திருக்க இடம் உண்டா?

முதல் கேள்விக்கு நாம் ஓரளவு பெருமையுடனேயே விடை கூறலாம். 2001-இல் மைய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை நானோ அறிவியலுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2007-இல் அது ஐந்து ஆண்டுகளுக்கு 1000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் ‘நானோ மிஷன்’ என விரிந்தது. மின்னணுவியல் பக்கத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் உயர்தர மையங்கள் எழுந்தன. அவற்றைப் பிற கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ளோரும் பயன்படுத்தும் பொருட்டு 2008-இல் பயனர் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. முதலில் அறிமுக வகுப்பு, பின்னர் கைப்பயிற்சி, அதன்பின் தம் சொந்த ஆய்வுக்குக் கருவிகளைப் பயன்படுத்தும் வாய்ப்பு. இத்திட்டம் 2021-இல் சென்னை, டில்லி, கரக்பூர், குவஹாத்தி ஐ.ஐ.டி.களையும் சேர்த்து ஆறு மையங்களாக விரிவுபடுத்தப்பட்டது.

இது மிகச் சரியான முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. எலெக்ட்ரான் கற்றையால் கோடு கீறும் கருவி கோடிக்கணக்கில் விலை பெறுவது. தூசியற்ற அறையைப் பராமரிக்கும் செலவோ அதைவிடத் தொல்லையானது. கல்லூரிதோறும் அதை வைக்க இயலாது, வைக்கவும் கூடாது. பூட்டிக் கிடக்கும் பத்துக் கருவிகளைக் காட்டிலும் இரவு பகலாக ஓடும் ஒரு கருவி மேலானது.

ஊருக்குத் திரும்பிய தகடு

குறை இரண்டாம் கேள்வியில்தான் தென்படுகிறது. என்னிடம் பயின்று பின்னர் ஆராய்ச்சியில் சேர்ந்த மாணவி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒரு மையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். கண்ணாடித் தகட்டில் தாமே அமைத்த பொன் கீற்றணியைச் சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கொணர்ந்து காட்டினார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. ஆனால் அவர் பணிபுரிந்த இடத்தில் அத்தகட்டினூடே ஒளியைச் செலுத்தி நிறமாலையை அளக்கும் அமைப்பு இல்லை. முடிவைக் காட்டி, “இது சரிதானா?” என்று கேட்கவும் அங்கே யாருமிலர். மீண்டும் மையத்திற்குச் செல்ல முறை வருவதற்குள் அவருடைய உதவித் தொகையின் காலம் முடிந்துவிட்டது. “தகடு பத்திரமா இருக்கு, சார்” என்று மட்டும் ஒரு நாள் சொன்னார்.

தவறு எவருடையது? மையம் தன் கடமையைச் செய்தது. மாணவியும் செய்தார். இடையில் இருந்திருக்க வேண்டிய ஒன்று இல்லை.

அது இருந்தால் என்ன நேரும் என்பதற்கு நானோ ஒளியியலின் வரலாற்றிலேயே சான்று உண்டு. ஒளியை எத்திசையிலும் புகவிடாத படிக அமைப்பை உருவாக்கலாம் என்ற கருத்தை 1987-இல் யாப்ளனோவிச், ஜான் ஆகிய இருவரும் தனித்தனியே வெளியிட்டனர். யாப்ளனோவிச்சும் அவருடைய துணைவர் கிமிட்டரும் நுண்ணலைகளைக் கொண்டு சோதித்து, முகமைய கனசதுர அமைப்பில் அத்தகைய தடைப்பட்டையைக் கண்டதாக 1989-இல் அறிவித்தனர். அடுத்த ஆண்டே கணக்கியல் அறிஞர்கள் அம்முடிவு பிழை என்றும், அங்கே முழுமையான தடை இல்லை என்றும் காட்டினர். அத்துடன் நில்லாமல், வைரத்தின் அமைப்பில் அடுக்கினால் தடை கிட்டும் என்று ஹோ, சான், சூக்கூலிஸ் ஆகியோர் கணக்கிட்டுக் கூறினர். 1991-இல் யாப்ளனோவிச் குழுவினர் வைரத்தை ஒத்த அமைப்பைத் துளையிட்டுச் செய்து வெற்றி கண்டனர்.

பிழை செய்தவர் தலைகுனியவில்லை, திருத்தியவர் பகைவராகவில்லை. இரண்டே ஆண்டுகளில் ஒரு துறை நேர்ப்பட்டது. பஞ்சரத்தினத்தின் சரியான முடிவு முப்பது ஆண்டுகள் கேட்பாரின்றிக் கிடந்தது. யாப்ளனோவிச்சின் தவறான முடிவோ ஓராண்டில் திருத்தம் பெற்றது. ஆய்வுச் சமூகம் என்பதன் பொருள் இவ்விரண்டையும் ஒப்பிட்டால் விளங்கும்.

நம் திட்டங்கள் பயிற்சி பெற்றோரையும் வெளியிடப்பட்ட கட்டுரைகளையும் எண்ணுகின்றன. நானோ அறிவியல் கட்டுரைகளின் எண்ணிக்கையில் இந்தியா உலகின் முன்வரிசை நாடுகளுள் ஒன்று என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஓர் இந்தியக் குழுவின் முடிவை மற்றோர் இந்தியக் குழு மீண்டும் செய்து பார்த்ததா என்பதையும் எண்ண வேண்டாமா?

நிலைத்திருக்க இடம்

மூன்றாம் கேள்வி இளைஞர்களின் வாழ்க்கையைத் தொடுவது. வெளிநாட்டில் பயின்றவர்களும் இங்கே பயின்றவர்களும் ஆய்வைத் தொடரும் பொருட்டு ‘இன்ஸ்பையர்’ ஆசிரியர் திட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு உதவித் தொகையும் ஆய்வு மானியமும் தருகிறது. நல்ல திட்டம். எனினும் ஆறாம் ஆண்டில் நிலையான பணி உண்டு என்ற உறுதி அதில் இல்லை. ஒளியியல் மேசையை அமைத்து, முதல் அளவீட்டைப் பெற்று, முதல் மாணவரைப் பயிற்றுவிப்பதற்குள்ளேயே மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். நெல் விதைத்தவனைக் கதிர் முற்றும் முன் வயலை விட்டுப் போகச் சொல்வது போன்றது இது.

என்ன செய்யலாம்?

குறை கூறுவதோடு நிறுத்துவது ஆசிரியனுக்கு அழகன்று. ஒரு யோசனையை முன்வைக்கிறேன். நுண்ணமைப்புகளைச் செய்வது ஆறு மையங்களில் நடக்கட்டும். அளப்பது நாடெங்கும் பரவட்டும். நல்ல நுண்ணோக்கி, சிறிய நிறமாலைமானி, தளவிளைவுத் தகடுகள் ஆகியவற்றைக் கொண்டு பல அளவீடுகளைக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். மையம் ஒரே வகைத் தகடுகளை இருபது கல்லூரிகளுக்கு அனுப்பட்டும். இருபது கல்லூரிகளும் அளந்து, முடிவுகளை ஒப்பிட்டு, ஏன் மாறுபட்டன என்று ஆண்டுக்கொரு முறை கூடி வாதிடட்டும். அவ்வாதத்தில் பிறப்பதே சமூகம். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், வளர்ந்த நிறுவனங்களோடு பல்கலைக்கழகங்களை இணைக்கும் திட்டத்தை முன்வைத்துள்ளது. அவ்விணைப்பு கல்லூரிகள் வரை இறங்கி வருமானால் இது கனவாக இராது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். தளவிளைவுத் தகடுகளும் கால் அலைத் தகடுகளும் ஒரு சிறு லேசரும் குறுக்கீட்டு அமைப்பும் இருந்தால், பஞ்சரத்தினத்தின் கட்டத்தை நீங்களே கண்ணால் காணலாம். பட்டைகள் நகர்வதைப் பார்த்த பின் பக்கத்துக் கல்லூரி நண்பரிடம் சொல்லுங்கள். அவரையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு வேறு விடை வந்தால் மகிழுங்கள். அன்று உங்கள் இருவருக்கும் இடையே ஓர் ஆய்வுச் சமூகம் தொடங்கிவிட்டது என்று பொருள்.